வெறும் பிளாஷ்

ஆவணி 12, திங்கள்

என் பெயர் பலவேசம். வயது அறுபத்தெட்டு. ஏரல் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இவ்வளவையும் யாரும் கை பிடிக்காமல் நானே எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து, நாலு அடி தள்ளி நின்று பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

எட்டு மாதமாக மருமகள் செல்வக்கனி, ஸ்டுடியோவில் ஆள் வராத நேரத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். இனித் தினமும் நடந்ததை எழுத வேண்டும் என்று கோடு போட்ட நோட்டு வாங்கித் தந்திருக்கிறாள். மறுநாள் அவள் படித்துச் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். தேதியைக் காலண்டர் தாளைப் பார்த்துப் போடுகிறேன்.

நாற்பத்தைந்து வருடம் எழுத்துத் தெரியாமலே கல்யாணப் படம் எடுத்துவிட்டேன். எண் தெரியும். காமிராவில் இருப்பது பெரும்பாலும் எண்தான். கடைப் பலகையில் இருப்பது என் பெயர் என்று பிறர் சொல்லித்தான் நம்பியிருந்தேன். போன மாதம் நானே படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இன்றும் செல்வக்கனி டிஜிட்டல் பேச்சை எடுத்தாள்.

"மாமா, புதன்கிழமை கல்யாணத்துக்காவது டிஜிட்டல் காமிராவ வாடகைக்கு எடுப்போமா?"

"புதுசா ஒண்ண வச்சு முகூர்த்தத்துல சோதன பாக்கச் சொல்லுதியா?"

"தாலி கட்டுறது ஒரே தடவ. ரோல்ல விழுந்துச்சா இல்லையான்னு நாலு நாள் கழிச்சுத்தான் நமக்குத் தெரியுது. டிஜிட்டல்ல அப்பவே பின்னாடி தெரியும்."

"அதுதான் தொல்ல. மேடைல ஏறுனவன் பூராவும் காட்டு காட்டுன்னு காமிராவப் புடுங்குவான். நான் படம் எடுக்கவா, படம் காட்டவா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவணி 14, புதன்

சொரிமுத்து மகள் மாரிச்செல்வி கல்யாணம். சொரிமுத்து வாழைத்தார் வியாபாரி. நல்ல கூட்டம்.

ஐந்து ரோல் கொண்டுபோனேன். ரோலுக்கு முப்பத்தாறு படம். தாலி கட்டும்போது குலவைச் சத்தத்தில் மூன்று படம் எடுத்தேன். ரோல் நகர்கிறதா என்று இடப்பக்கக் குமிழைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுற்றியது. அதன் பிறகுதான் மூச்சு விட்டேன். டிஜிட்டலில் இந்தக் குமிழ் கிடையாது. எதை நம்புவது?

தாலி கட்டி முடிந்ததும் மொய் எழுதியவர்கள் எல்லோரும் மேடையில் ஏறிவிட்டார்கள். பிலிம் குறைவு, ஆள் அதிகம். என் வழக்கப்படி சமாளித்தேன்.

பந்தியில் பேசிக்கொண்டார்கள். சொரிமுத்துவின் அண்ணன் கொம்பையா பதினோரு வருடம் கழித்து இன்று தம்பி வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கிறாராம். பம்புசெட் தண்ணீரில் வந்த சண்டையாம். மேடையில் தம்பியோடு நின்று படம் எடுத்துக்கொண்டாராம். யார் அவர் என்று கேட்டேன். மூன்றாம் வரிசையில் காட்டினார்கள். காலர் கிழிந்த சட்டை போட்ட ஆள்.

நான் பாதியில் எழுந்துவிட்டேன். வடையில் எண்ணெய் அதிகம்.

ஆவணி 15, வியாழன்

ரோல்களைத் திருநெல்வேலி கலர் லேபுக்குப் பேருந்தில் கொடுத்தனுப்பினேன். செல்வக்கனி நேற்றைய பக்கத்தில் ஏழு இடத்தில் சிவப்பு போட்டிருக்கிறாள். "சமாளித்தேன்னா என்ன மாமா, எப்படிச் சமாளிச்சீங்க?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். நான் பதில் எழுதவில்லை.

ஆவணி 19, திங்கள்

படங்கள் வந்தன. தாலி கட்டும் படம் மூன்றும் தெளிவு. மாரிச்செல்வி தலை குனிந்திருக்கிறாள், ஆனால் கண் மேலே பார்க்கிறது. அந்த ஒரு படத்துக்காகவே பிலிமை விடக் கூடாது என்று தோன்றியது.

டிஜிட்டல் விற்பவர் ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்து காட்டினார். தீப்பெட்டியில் பாதி அளவு கார்டு. அதில் ஐந்நூறு படம் விழுமாம். "ஐநூறும் எடுத்துப்போட்டு, பிடிக்காதத அழிச்சிரலாம் ஐயா" என்றார்.

"கார்டு கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"கெடாது."

"கெட்டா கல்யாணமே கெட்டுச்சு. எங்கிட்ட முப்பது வருஷத்து நெகடிவ் இருக்கு. மழையில நனைஞ்சதக்கூடக் காய வச்சு படம் போட்டுக் குடுத்திருக்கேன்."

நான் சொன்னது உண்மை. செல்வக்கனியும் தலையாட்டினாள். பிறகு அவள் கேட்டாள்: "ஐநூறு படம் விழும்னா, யாரையும் விட வேண்டாம்லா மாமா?"

ஆவணி 21, புதன்

கொம்பையா இறந்துவிட்டார். காலையில் வாழைத்தோட்டத்தில் விழுந்தவர் எழவில்லை. மாரடைப்பு. கல்யாணம் முடிந்து ஏழே நாள்.

ஆவணி 22, வியாழன்

சொரிமுத்து ஸ்டுடியோவுக்கு வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஆல்பம் மெதுவா குடுங்க. எனக்கு ஒரே ஒரு படம் மட்டும் உடனே வேணும். அண்ணனும் நானும் மேடையில நின்னது. பெருசாப் போட்டுச் சட்டம் போட்டுக் குடுங்க. பதினாறு விசேஷத்துக்கு வைக்கணும்."

"வீட்ல வேற படம் இருக்குமே" என்றேன்.

"பழைய பத்திரத்தோட வச்ச ஓட்டு அட்ட நகல் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அதப் பாத்தா களவாணி மாதிரி இருப்பான்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அது இல்ல விஷயம். மதினி கல்யாணத்துக்கு வரல. அண்ணன் என்னோட ராசியானத அவிய நம்பவே மாட்டேங்காவ. சோத்துக்குப் போயிருப்பாருங்காவ. நேத்து என்னய வீட்டு வாசல் மிதிக்கக் கூடாதுன்னுட்டாவ. தெருமுனையில நின்னுதான் தூக்கிட்டுப் போறதப் பாத்தேன். படத்தக் காட்டுனா நம்புவாவ."

நான் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க, தம்பி தோள்ல கை போடுங்கன்னு? அவன் தயங்குனான். பிறகு போட்டான். நீங்க பிளாஷ் அடிச்ச பிறகும் கைய எடுக்கவே இல்ல. பந்தி வரைக்கும் அப்படியேதான் வந்தான்."

"லேப்ல இருந்து வந்ததும் பாக்கேன்" என்று சொன்னேன்.

படங்கள் வந்து மூன்று நாள் ஆகிறது. என் பின்னால் மேசை மேல்தான் இருந்தன.

இன்றுமுதல் நோட்டைச் செல்வக்கனிக்குக் காட்டப் போவதில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கிறேன்.

ஆவணி 23, வெள்ளி

அந்தப் படம் லேபில் கழுவியபோது கெட்டிருக்கலாம்.

ஆவணி 25, ஞாயிறு

லேபில் கெடவில்லை. இனி யாரும் திருத்தப் போவதில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் வெறும் பிளாஷ் என்று ஒன்று உண்டு. பிலிம் குறைவாக இருக்கும். மேடைக்கு வருகிறவர்கள் நூறு, இருநூறு. எல்லோரையும் எடுத்தால் வீட்டுக்காரர் காசு கொடுக்க மாட்டார். ஒருவரை விட்டால் அவர் மேடையிலேயே சண்டை போடுவார். அதனால் முக்கியமில்லாதவர் வந்தால் காமிராவைக் கண்ணில் வைத்து, படம் பிடிக்கும் பொத்தானை விட்டுவிட்டு, பிளாஷின் பின்னால் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்குவோம். வெளிச்சம் அடிக்கும். படம் விழாது. வந்தவர் திருப்தியாக இறங்கிப் போவார். பிலிம் மிச்சம்.

யார் முக்கியம், யார் முக்கியமில்லை என்பதை நான்தான் முடிவு செய்வேன். சட்டையைப் பார்ப்பேன். செருப்பைப் பார்ப்பேன். வீட்டுக்காரர் கும்பிட்டு வரவேற்கிறாரா என்று பார்ப்பேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கொம்பையா வந்தபோது சொரிமுத்து கும்பிடவில்லை. அசையாமல் நின்றார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். வேண்டாத ஆள், குடிக்க வந்தவன் என்று நினைத்தேன்.

வெறும் பிளாஷ் அடிக்கும்போதுதான் ஆட்களை ரொம்ப அக்கறையாக நிறுத்துவேன். தாடையைத் தூக்குங்க, சேர்ந்து நில்லுங்க, சிரிங்க என்பேன். அப்போதுதான் சந்தேகம் வராது. தோளில் கை போடச் சொன்னதும் அதற்காகத்தான்.

நெகடிவ் கீற்றுகளை எல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்தும் நான்கு முறை பார்த்தேன்.

ஆவணி 27, செவ்வாய்

கடைத்தெருவில் நடக்கப் பயமாக இருக்கிறது. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எந்தக் கல்யாணத்திலாவது என் முன்னால் நின்றவர்கள். இவருக்குப் படம் விழுந்ததா, வெறும் பிளாஷா என்று எனக்கே தெரியவில்லை. அதில் எத்தனை பேர் செத்துப் போனார்கள் என்றும் தெரியவில்லை.

டீக்கடை அருமைநாயகம் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, மூஞ்சி பேயடிச்ச மாதிரி இருக்கு? டிஜிட்டல் வாங்கச் சொல்லி மருமக விரட்டுதாளோ? வாங்கும்வே. எங்கல்யாண ஆல்பத்துல என் மூஞ்சி மூணு படத்துலதான் இருக்கு. மாப்பிள்ள நான்தானா இல்லையான்னு எம்பொண்டாட்டி இன்னும் கேக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சொரிமுத்து இன்றும் வந்தார். லேபில் கூட்டம் என்றேன். பதினாறு வருவதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றார்.

ஆவணி 29, வியாழன்

திருநெல்வேலிக்குப் போனேன். லேபில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெபசிங் எனக்குப் பழக்கம். ஓட்டு அட்டைப் படத்தை சொரிமுத்துவிடம் வாங்கிப் போயிருந்தேன். சட்டத்துக்கு அளவு பார்க்க என்று சொல்லித்தான் வாங்கினேன். பொய் சொல்வது எனக்கு எவ்வளவு எளிதாக வருகிறது.

"இந்த முகத்த எடுத்து, சொரிமுத்து தனியா நிக்க படத்துல சேக்க முடியுமா?"

"முகத்த மட்டுமா? ஆளையே சேக்கலாம் அண்ணாச்சி. செத்தவன கொண்டாந்து பேரனோட நிக்க வைக்கேன். போன வாரம்கூட ஒண்ணு செஞ்சேன்."

"தோள்ல கை போட்ட மாதிரி இருக்கணும்."

"கை வேற யார்ட்டயாவது எடுப்போம். ஞாயித்துக்கிழம வாங்க."

பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிலிமில் பொய் சொன்னால் இல்லாதது இல்லாததாகவே இருக்கும். இவன் இல்லாததை இருக்க வைக்கிறான். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் முதலாவதைச் செய்ததால்தான் இரண்டாவது தேவைப்படுகிறது. அது மட்டும் தெரியும்.

புரட்டாசி 1, ஞாயிறு

படம் கிடைத்தது. அசந்துபோனேன். களவாணி முகத்தை ஜெபசிங் எப்படியோ சிரிக்க வைத்திருக்கிறான். கொம்பையா வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். தம்பி தோளில் கை.

கை மாறியிருந்தது. அன்று அவர் தம்பியின் வலப்பக்கம் நின்றார். படத்தில் இடப்பக்கம் நிற்கிறார். "அந்தக் கைதான் கல்யாணப் படத்துல சரியாக் கிடைச்சுது அண்ணாச்சி, யாரு பாக்கப் போறா" என்றான் ஜெபசிங். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது செல்வக்கனி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இந்த நோட்டு. அரிசி அளக்கப் போனவள் எடுத்துவிட்டாள்.

எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"தப்பு ஒண்ணுகூட இல்ல மாமா" என்றாள். எழுத்தைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "எங்கல்யாணத்துல எங்கப்பாவோட சித்தப்பா வந்திருந்தாரே. கால் ஊனமா, கம்பு ஊணிக்கிட்டு. அவருக்கும் அடிச்சீங்களா?"

"ஞாபகம் இல்லம்மா."

"ஆல்பத்துல அவரு இல்ல. நான் ரொம்ப நாள் தேடியிருக்கேன்."

ஒட்டுப்போட்ட படத்தை அவள் முன்னால் வைத்தேன். பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புரட்டாசி 3, செவ்வாய்

இதை மெதுவாக எழுதுகிறேன்.

படத்தைச் சட்டம் போட்டுக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். செல்வக்கனியும் கூட வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சொரிமுத்து தெருமுனையில் காத்திருந்தார். வாங்கிப் பிரித்தார். அண்ணன் முகத்தைக் கையால் துடைத்தார். நேராகக் கொம்பையா வீட்டு வாசலுக்குப் போய், படியில் ஏறாமல், வெளியில் நின்றே நீட்டினார்.

"மதினி. பாருங்க. நான் பொய் சொல்லல."

கொம்பையாவின் மனைவி பிச்சம்மாள் ஒல்லியான மனுஷி. வாசலுக்கு வந்து படத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் இளகுவதைப் பார்த்தேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். உள்ளபடியே எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவள் விரல் அந்தக் கை மேல் போய் நின்றது.

"இது எந்தக் கை?"

"என்ன மதினி?"

"வலது கை. ஆடி மாசம் தாரு சுமக்கையில தோள்பட்ட நழுவுச்சு. அதுல இருந்து வலது கையத் தூக்க முடியாது அவியளுக்கு. சட்ட மாட்டி விடுறதே நான்தான். அந்தக் கைய தம்பி தோள் வரைக்கும் தூக்கிருக்காவளோ?" சொரிமுத்துவைப் பார்த்தாள். "செத்த மனுஷன வச்சுப் பொய்ப் படமா செய்தீரு? த்தூ."

சொரிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவம் செய்யாத மனுஷன் முகம் அப்படித்தான் இருக்கும். ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடியிருந்தால் பழி அவர் தலையில் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"பொய் நான் செஞ்சதும்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் பிளாஷ், கிழிந்த காலர், ஜெபசிங், எல்லாம். பக்கத்து வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். நான் முடித்ததும் சொரிமுத்து கேட்டார்:

"அப்ப அன்னைக்கு எங்க மேல அடிச்சது வெறும் வெளிச்சந்தானா?"

"ஆமா."

அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிச்சம்மாள் என் அருகில் வந்தாள். "இப்ப நீரு சொல்லுததும் பொய்யா இருக்கலாம்லா? இவரு சொல்லிக் குடுத்திருப்பாரு."

"இல்லம்மா."

"சரி. அவிய எந்தக் கையப் போட்டாவ? எப்படி நின்னாவ? சொல்லும் பாப்போம்."

கண்ணை மூடினேன். நாற்பத்தைந்து வருடமாக ஆட்களை நிறுத்தி நிறுத்திப் பழகிய கண்.

"முதல்ல தம்பிக்கு இடப்பக்கம்தான் நின்னாரு. வலது கையத் தோள்ல போடுங்கன்னேன். தூக்கப் பாத்தாரு, பாதியில இறக்கிட்டாரு. 'இந்தக் கை லீவுல இருக்கு, அந்தப் பக்கம் போறேன்'னாரு. மணமக்களச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய், இடது கையப் போட்டாரு. பின்னால நின்னவங்க 'எம்மாடி, பெரியவரு எடம் மாறிக்கிட்டே இருக்காரே'ன்னு சத்தம் போட்டாங்க. அவரு சிரிச்சாரு."

பிச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கை லீவு என்பது அவர் வீட்டில் மட்டும் சொல்லும் வார்த்தையாம்; அன்று மேடையில் கேட்டிருந்தால் தவிர, பதினோரு வருடம் பேசாத தம்பிக்கு அது தெரிய வழியில்லை. எனக்கும் வழியில்லை.

"சிரிச்சாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

"சிரிச்சாரும்மா."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கொழுந்தனிடம், "உள்ள வாரும்" என்றாள். என்னிடம் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நீரு பதினாறுக்கு வரணும். வர்ற ஆள் அத்தன பேரையும் எடுக்கணும். பிச்சக்காரன் வந்தாலும் எடுக்கணும். எடுத்தத அப்பவே எனக்குக் காட்டணும்."

"இந்தக் காமிராவுல காட்ட முடியாதும்மா."

"காட்டுற காமிரா கொண்டு வாரும். இனிமே உம்ம வெளிச்சத்த எவன் நம்புவான்?"

புரட்டாசி 5, வியாழன்

வாடகை டிஜிட்டல். செல்வக்கனி பக்கத்தில் நின்று எந்தப் பொத்தான் என்று சொன்னாள். கையில் எடை இல்லாமல் பொம்மை மாதிரி இருந்தது. குமிழ் இல்லை. முதல் படம் எடுக்கும்போது, பிலிம் போடாத காமிராவைப் பிடித்திருக்கிறேன் என்றே பயம்.

முதலில் சொரிமுத்துவும் பிச்சம்மாளும் நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு நின்றார்கள். சேர்ந்து நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்தேன். பிச்சம்மாள் வந்து பார்த்தாள். தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது. அருமைநாயகம்கூடச் சிரிக்காமல், "காட்டும்" என்றான். நூற்று எழுபத்திரண்டு முறை காமிராவைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொருவரும் தன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார்கள். பந்தி துடைக்க வந்த கிழவியைக் கூப்பிட்டு எடுத்தேன். அவள் தன்னைப் பார்த்துவிட்டு, "இது நானா, இவ்வளவு வயசாயிட்டா?" என்றாள்.

செல்வக்கனியிடம் இதையே வாங்கிவிடச் சொன்னேன். எனக்கு இது பிடித்ததால் இல்லை. யாரை விடலாம் என்று முடிவு செய்யும் வேலை இதில் இல்லை.

புரட்டாசி 6, வெள்ளி

காலையில் கடையைத் திறக்கும்போது வாசலில் ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோர் மடியிலும் கல்யாண ஆல்பம்.

முதலில் வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் ஆவுடைத்தங்கம். ஆல்பத்தை என் மேசையில் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி முடித்தாள்.

"எங்க அம்ம மேடைக்கு வந்தா. கூலி வேலைக்குப் போயிட்டு அப்படியே வந்தா. நீரு, 'சிரிங்கம்மா, நல்லாச் சிரிங்க'ன்னு சொன்னீரு. அவ சிரிச்சா. எனக்கு ஞாபகம் இருக்கு. இதுல இல்ல. லேப்ல கெட்டிருக்கும்னு இத்தன வருஷமா நெனச்சேன்."

நான் ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொம்பையா எப்படி நின்னாருன்னு நீரு சொன்னீராம்லா. எங்க அம்ம எப்படி நின்னா? அத மட்டும் சொல்லும். போதும்."

கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எத்தனையோ பெண்கள், எத்தனையோ மேடைகள். என்ன நிறச் சேலை என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அவள் சொல்வாள். அவள் சொன்னதை வைத்து நான் ஒரு படம் செய்துவிடுவேன். எனக்கு அது எளிதாக வரும்.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். செல்வக்கனி வாசலுக்குப் போய் அடுத்தவரை உள்ளே வரச் சொன்னாள்.